அந்தத் தண்ணீர் இலையிலிருந்துதான் வந்ததா? நீராவிப்போக்கை வகுப்பில் செய்துகாட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், பள்ளி வளாகத்துச் செம்பருத்தியில் முதன்முதலாகப் பாலித்தீன் உறை கட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தை பிறந்த சமயம். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்த கையோடு கட்டினோம். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் உறையின் உட்புறமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். "பார்த்தீர்களா, இதுதான் நீராவிப்போக்கு" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்னால் நின்ற ஒரு மாணவி மட்டும், "டீச்சர், காலையில் இலையெல்லாம் பனியில் நனைந்திருந்ததே, அந்தத் தண்ணீராக இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அவள் முடிப்பதற்குள் இன்னொருவன், "உறை ஒட்டிக்கொண்டிருந்தது என்று நான் வாயால் ஊதித்தான் பிரித்தேன் டீச்சர்" என்றான்.

இரண்டும் நியாயமான சந்தேகங்கள். அந்த நீர் இலையிலிருந்து வந்தது என்பதற்கு என் கையில் இருந்த ஒரே சான்று, பாடப்புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்பதுதான். மறுநாள் ஒரு உறைக்குப் பதிலாக மூன்று உறைகள் கட்டினோம். அன்றுதான் அது சோதனை ஆனது. தண்ணீரைக் காட்டுவது எளிது. அது வேறு எங்கிருந்தும் வரவில்லை என்று காட்டுவதுதான் வேலை. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

செடிக்குள் நடப்பது

வேர் உறிஞ்சிய நீர் சைலம் குழாய்கள் வழியே தண்டில் ஏறி இலை நரம்புகளுக்கு வருகிறது. அங்கே இலையின் உட்செல்களின் ஈரமான சுவர்களிலிருந்து ஆவியாகி, செல்களுக்கு இடையே உள்ள காற்றிடங்களில் நிறைந்து, இலைத்துளைகள் வழியே வெளியேறுகிறது. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு காப்புச் செல்கள் காவல். அவை நீர் நிறைந்து புடைத்தால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடிக்கொள்ளும். ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கரியமில வாயுவை உள்ளே வாங்கச் செடி இந்த வாசலைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் நீராவி வெளியே போகும். வேர் எடுக்கும் நீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இப்படியே காற்றில் கலந்துவிடுகிறது.

சொல்லை முதலில் பிரித்துக் காட்டுங்கள்: நீர், ஆவி, போக்கு. இலங்கைப் பாடநூல்களில் இதையே ஆவியுயிர்ப்பு என்கிறார்கள். "இலை வியர்க்கிறது" என்று சொல்லிப் புரியவைப்பது வழக்கம். நான் அதைத் தவிர்க்கிறேன். வியர்வை தோலின் மேல் நீராகவே வந்து பிறகு காய்கிறது. இலையிலிருந்து வருவதோ கண்ணுக்குத் தெரியாத ஆவி. உறையில் நாம் பார்க்கும் துளி, அந்த ஆவி பிளாஸ்டிக்கில் பட்டுக் குளிர்ந்து மீண்டும் நீரானது. இந்த வேறுபாடு மனத்தில் பதியாத பிள்ளை, இலையின் மேல் துளி தெரியவில்லையே என்று குழம்பும்.

மூன்று உறைச் சோதனை

செம்பருத்தி, பூவரசு, கொய்யா, புங்கை ஆகியவற்றில் எது வெயில் படும் இடத்தில் கை எட்டும் உயரத்தில் நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். எருக்கும் அரளியும் வேண்டாம். அவற்றின் பால் நச்சு. கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. மாமரமானால் முதலில் முசுறு கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

உறைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சட்டையும் சேலையும் வைத்து வரும் ஒளி ஊடுருவும் உறைகள் வீட்டுக்கு வீடு கிடக்கும். ஒரே அளவில் மூன்று கொண்டுவரச் சொல்லுங்கள். அத்தகைய உறைகள் சிலவற்றில் சிறு காற்றுத்துளை இருக்கும். அதை ஒட்டுநாடாவால் அடைத்துவிட வேண்டும். ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பதானால் முந்தின நாளே பார்த்து, உள்ளும் புறமும் நன்றாக உலர்த்தி வையுங்கள். இவை தவிரச் சணல் நூல், கொஞ்சம் பஞ்சு, வாஸ்லின், காய்ந்த பருத்தித் துணி, ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு போதும்.

1. இரண்டு நாள் முன்பே, ஒரே தடிமனுள்ள இரண்டு கிளைகளைத் தேர்ந்து, ஒன்றின் இலைகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள். கிள்ளிய இடம் காய்ந்ததும் அந்தத் தழும்புகளின் மேல் வாஸ்லின் தடவுங்கள். உடனே செய்தால் காயத்தில் கசியும் சாறு கணக்கைக் கெடுத்துவிடும்.

2. சோதனை நாளன்று காலை ஒன்பதரை மணிவாக்கில், இலையுள்ள கிளையின் ஒவ்வோர் இலையையும் இருபுறமும் துணியால் ஒற்றி எடுங்கள். பத்துப் பதினைந்து இலைகள் இருந்தால் போதும். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். பனித்துளி கேள்விக்குப் பதில் அவர்கள் கையாலேயே கிடைக்கட்டும்.

3. உறையை வாயால் ஊதக் கூடாது. நாம் விடும் மூச்சிலேயே நீராவி இருக்கிறது. வாய்ப்பகுதியை இரு கைகளால் விரித்துப் பிடித்துக் காற்றில் ஒரு வீச்சு வீசினால் தானே உப்பிக்கொள்ளும்.

4. முதல் உறைக்குள் இலையுள்ள கிளை. இரண்டாவதில் இலை கிள்ளிய கிளை. மூன்றாவதில் வெறும் காற்று. மூன்றாவதை அதே உயரத்தில், அதே வெயிலில், பக்கத்துக் கொம்பில் தொங்கவிடுங்கள்.

5. கட்டும் இடத்தில் தண்டைச் சுற்றிப் பஞ்சு வைத்து, அதன் மேல் உறையைச் சுருக்கிச் சணலால் கட்டுங்கள். தண்டு நசுங்காது, காற்றும் புகாது. உறையின் ஒரு மூலை கீழ்நோக்கித் தொங்குமாறு சரிசெய்தால் நீர் அங்கே வடிந்து சேரும்.

அரை மணிக்கு ஒருமுறை இரண்டு பேராகப் போய்ப் பார்த்து எழுதி வரட்டும். நல்ல வெயிலில் அரை மணிக்குள் முதல் உறை மங்கத் தொடங்கும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் பிடித்த மூடிபோல ஒரு மெல்லிய புகைத்திரை. விரலை வெளியிலிருந்து சுண்டினால் அது சிறு துளிகளாகக் கூடி ஓடும். இரண்டு மணி நேரத்தில் மூலையில் நீர் தேங்கும். இரண்டாவது உறையில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. லேசாக மங்கினால் அதை மறைக்க வேண்டாம். தண்டின் பட்டைத்துளைகள் வழியாகவும் செடி கொஞ்சம் நீராவியை விடுகிறது. மூன்றாவது உறை உலர்ந்திருக்க வேண்டும். மேகம் மூடிக் குளிர்ந்த வேளையில் அதிலும் மெல்லிய மங்கல் வரலாம், ஏனென்றால் நாம் அடைத்த காற்றிலேயே ஈரம் இருந்தது. அதையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதில் வந்தது எவ்வளவோ அது காற்றின் பங்கு; இரண்டாவதில் அதற்கு மேல் வந்தது தண்டின் பங்கு; முதலாவதில் அதற்கும் மேல் வந்ததுதான் இலையின் பங்கு.

மூன்று மணி நேரத்துக்கு மேல் உறையை விட்டு வைக்காதீர்கள். அடைபட்ட வெயில் உள்ளே சூட்டை ஏற்றும், இலை கருகும். இன்னொரு காரணமும் உண்டு. உறைக்குள் ஈரம் நிறைந்தபின் நீராவிப்போக்கே குறைந்துவிடும். ஆகவே உறையில் சேர்ந்த நீரை, "இந்தக் கிளை தினமும் இவ்வளவு நீர் விடுகிறது" என்று சொல்ல முடியாது. நீர் வெளியேறுகிறது என்பதை உறை காட்டும். எவ்வளவு என்பதற்குத் தராசு வேண்டும்.

துளி நீர்தானா?

சேர்ந்ததைச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுங்கள். நிறமில்லை, மணமில்லை என்பதால் மட்டும் நீர் ஆகிவிடாது. நாக்கில் வைத்துப் பார்க்கவும் கூடாது. இதற்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) உதவும். நீலப் படிகத்தில் சிறிதளவை உலர்ந்த சோதனைக்குழாயில் இட்டு மெல்லிய தீயில் சூடாக்கினால், அதில் கட்டுண்டிருந்த நீர் போய் வெள்ளைப் பொடியாகும். ஆற விட்டு, ஒரு கண்ணாடித் தகட்டில் இரண்டு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். ஒன்றில் உறையில் எடுத்த துளி. மற்றொன்றில் ஒரு சொட்டு எண்ணெய். முதலாவது பட்ட இடத்தில் நீலம் பூக்கும். எண்ணெய் பட்ட பொடி வெள்ளையாகவே கிடக்கும். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் "ஆ" என்று சொல்லும் இடம் இது.

மயில்துத்தம் நஞ்சு. சூடாக்குவதும் கையாளுவதும் ஆசிரியர் மட்டுமே. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பழைய முறையில் கோபால்ட் குளோரைடு தாளைப் பயன்படுத்துவார்கள். ஈரம் பட்டால் அது நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். ஆனால் அந்த உப்பு உடம்புக்குக் கெடுதல், புற்றுநோய் ஆபத்தும் உண்டு. பிள்ளைகள் கையில் நான் அதைக் கொடுப்பதில்லை.

தராசில் நிறுத்துப் பார்த்தல்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இங்கே நமக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். லண்டனுக்கு அருகே தேம்ஸ் கரையில் டெடிங்டன் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், 1724 ஆம் ஆண்டு கோடையில் மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி ஒன்றைத் தொட்டியோடு 15 நாள்கள் காலையும் மாலையும் நிறுத்தார். மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடியிருந்தார். பன்னிரண்டு மணி நேரப் பகலில் சராசரியாக 20 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. கடைசியில் செடியை அடியோடு வெட்டி, எஞ்சிய கட்டையைப் பூசி அடைத்து, வெறும் தொட்டியையும் நிறுத்தார். அது மெருகில்லாத மண்தொட்டி. அதன் சுவர் வழியாகவே பகலில் 2 அவுன்ஸ் நீர் கசிந்து ஆவியாவதைக் கண்டு, அதைக் கழித்துக்கொண்ட பிறகுதான் செடியின் கணக்கைச் சொன்னார். மண்பானையில் தண்ணீர் குளிர்வதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை ஒரு வரியில் சொன்னாலே புரிந்துவிடும். பாடப்புத்தகத்தில், தொட்டிச்செடியின் மேல் மணி வடிவக் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து வைத்த படத்தில் தொட்டியைச் சுற்றிப் பாலித்தீன் தாள் கட்டியிருப்பதும் இதற்காகத்தான். ஆண்டுதோறும் அந்தப் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்கும் மாணவர்களில் பலருக்கு அந்தத் தாள் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. எனக்கு அது ஆற்றாமை தரும் விஷயம்.

நமக்குப் பெரிய தொட்டி தேவையில்லை. தட்டைப்பயறு விதைத்து மூன்று வாரமான நாற்றுகள், அடியில் ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் கோப்பைகளில் இருந்தால் போதும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை மின்தராசு ஒன்று வேண்டும்.

முந்தின மாலை எல்லாக் கோப்பைகளுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். காலையில் கோப்பையின் வாயைப் பாலித்தீனால் மூடி, தண்டு வெளிவரும் இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டுநாடாவால் அடையுங்கள். இன்னொரு கோப்பையில் அதே அளவு மண், அதே அளவு நீர், நாற்றுக்குப் பதில் ஒரு காய்ந்த குச்சி. அதையும் அப்படியே மூடுங்கள். மூன்றாவதாக, மூடாத மண் மட்டும் உள்ள கோப்பை ஒன்றும் இருக்கட்டும். அது எவ்வளவு வேகமாக எடை இழக்கிறது என்று பார்த்தால், மூடியது ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்றையும் ஜன்னலோர வெயிலில் வரிசையாக வைத்து, ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றில் தராசின் எண் ஆடும். கோப்பையின் வெளிப்புறத்தில் ஈரம் ஒட்டியிருக்கவும் கூடாது.

கணக்கைச் செய்யும் விதம் இதுதான். ஆறு மணி நேரத்தில் நாற்றுக் கோப்பை 10 கிராம் இழந்தது, குச்சிக் கோப்பை 1 கிராம் இழந்தது என்று வைத்துக்கொள்வோம். செடி விட்டது 9 கிராம். இனி ஒவ்வோர் இலையையும் வரைபடத் தாளில் வைத்து ஓரம் வரைந்து, சதுர சென்டிமீட்டர் கட்டங்களை எண்ணுங்கள். பாதிக்கு மேல் நிறைந்த கட்டத்தை ஒன்றாகக் கொண்டு, பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடலாம். மொத்தம் 180 வந்தால், 9 கிராமை 180 ஆலும் 6 ஆலும் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். நூறு சதுர சென்டிமீட்டர் இலைக்கு மணிக்குச் சுமார் 0.83 கிராம். இப்படிக் கணக்கிட்டால்தான் பெரிய செடியையும் சிறிய செடியையும் நேர்மையாக ஒப்பிட முடியும். கணித ஆசிரியரையும் அன்று வகுப்புக்கு அழைத்துக்கொள்ளலாம்.

மேல் பக்கமா, அடிப் பக்கமா?

பூவரசிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவுள்ள நான்கு இலைகளைக் காம்போடு பறியுங்கள். காம்பின் வெட்டு முனைகளில் வாஸ்லின் வைத்து அடையுங்கள். ஒன்றில் இருபுறமும் வாஸ்லின், ஒன்றில் மேல்புறம் மட்டும், ஒன்றில் அடிப்புறம் மட்டும், நான்காவதில் எதுவும் வேண்டாம். நூலில் கட்டி நிழலில் தொங்கவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பல இலைகளில் அடிப்புறத்தில்தான் துளைகள் அதிகம். ஆகவே எதுவும் தடவாததும் மேல்புறம் மட்டும் தடவியதும் முதலில் வாடும். மற்ற இரண்டும் பசுமையாக நிற்கும்.

நுண்ணோக்கி இருக்கிற பள்ளியானால் துளையையே காட்டலாம். இலையின் அடிப்புறத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லிதாகத் தடவி, நன்றாகக் காய்ந்ததும் அதன் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பாருங்கள். உதடுகள்போல இரண்டு செல்கள், நடுவே ஒரு கீற்று. மேல்புறத்திலும் ஒரு பதிவு எடுத்து, பார்வை வட்டத்துக்குள் தெரியும் எண்ணிக்கையை ஒப்பிடட்டும். எல்லா இலைக்கும் இதுதான் விதி என்று சொல்லிவிடாதீர்கள். சோளம், மக்காச்சோளம் போன்ற புல்லினங்களில் இருபுறமும் துளைகள் உண்டு. அல்லி இலை நீரில் மிதப்பது. அதன் துளைகள் காற்றுப் படும் மேல்புறத்தில் இருக்கின்றன.

காற்றும் வெயிலும்

நாற்றுக் கோப்பைகள் கையில் இருப்பதால், அடுத்து எதை மாற்றினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே திட்டமிடட்டும். ஒன்று ஜன்னலோரம், ஒன்று அலமாரி இருட்டில். ஒன்று மின்விசிறியின் கீழ், ஒன்று காற்றில்லாத மூலையில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். விசிறியின் கீழ் வைத்ததை வெயிலிலும் வைத்துவிட்டால், எடை குறைந்ததற்குக் காற்று காரணமா வெளிச்சம் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆடிக் காற்று வீசும் நாள்களில் வெளியே வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தச் சோதனைகளைத் தொடங்காதீர்கள். காற்றே ஈரம் நிறைந்து கிடக்கும்போது இலையிலிருந்து அதிகம் வெளியேறாது.

தராசு இல்லாத பள்ளிக்கு இன்னொரு வழி: செம்பருத்திக் குச்சியை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே வெட்டுங்கள். வெளியில் வெட்டினால் சைலம் குழாயில் காற்றுக் குமிழி புகுந்து அடைத்துக்கொள்ளும், குச்சி நீர் எடுக்காது. அதை நீர் நிறைந்த சோதனைக்குழாயில் வைத்து, மேலே சில துளி எண்ணெய் மிதக்கவிட்டு, நீர்மட்டத்தை அடையாளமிடுங்கள். சமவெளியில் தேங்காய் எண்ணெய் போதும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அது உறைந்துவிடும் என்பதால் நல்லெண்ணெய் வையுங்கள். இலை பறித்த குச்சியுடன் இன்னொரு குழாயும் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும்: குறையும் நீர்மட்டம் செடி உறிஞ்சியதைத்தான் காட்டுகிறது, வெளியே விட்டதை நேரடியாகக் காட்டுவதில்லை. இரண்டும் ஏறக்குறைய சமம், அவ்வளவுதான்.

பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வி

"விடியற்காலையில் சேப்பங்கிழங்கு இலை நுனியில் தொங்கும் துளி நீராவிப்போக்கா?" என்று எப்படியும் ஒருவர் கேட்பார். இல்லை. இரவில் வேர் தள்ளும் அழுத்தத்தால் இலையோரத்து நீர்த்துளைகள் வழியே நீராகவே வடிவது அது. அதற்கு நீர்வடிதல் என்று பெயர். புல் நுனியிலும் பார்க்கலாம். ஆவியாக வருவதும் நீராக வடிவதும் வேறு வேறு.

கடைசியாக, ஒரு வாரம் வகுப்பை ஆர்வத்தில் வைத்திருக்கும் ஒரு வேலை. கற்றாழை போன்ற வறண்ட நிலத் தாவரங்கள் பெரும்பாலும் இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கின்றன. பகல் வெயிலில் நீரை இழக்காமல் இருக்க அவை கண்ட வழி அது. ஒரு சிறு கற்றாழையையும் ஒரு தட்டைப்பயறு நாற்றையும் மேலே சொன்னபடி மூடி, குச்சிக் கோப்பை ஒன்றையும் சேர்த்து, காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நிறுத்துக்கொண்டே வாருங்கள். கற்றாழை ஒரே நாளில் இழப்பது மிகக் குறைவு. ஐந்து நாள் பகல் இழப்பைத் தனியாகவும் இரவு இழப்பைத் தனியாகவும் கூட்டுங்கள். பகல் ஏழு மணி நேரம், இரவு பதினேழு மணி நேரம் என்பதால், வகுத்து ஒரு மணிக்கு எவ்வளவு என்று பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை கரும்பலகையில் எண்களை எழுதிக் கூட்டும் வேலையை அவர்களிடமே விடுங்கள்.